‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’

(குழந்தைகள் அறிவியல் மாநாட்டு வழிகாட்டி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைத் தேர்ந்தெடுப்பது, களத்துக்குச் செல்வது, தரவுகளைத் திரட்டுவது பற்றிக் காலையிலிருந்து பேசியிருக்கிறோம். குழந்தைகள் தாங்கள் செய்த ஆய்வை, ஆய்வு செய்த மற்றவர்களிடம் எடுத்துச் சொல்ல எப்படிப் பழக்குவது என்பது எனக்குத் தரப்பட்ட பகுதி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான நேரம் இது. அதனால் கோட்பாட்டில் தொடங்காமல், நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியிலிருந்து ஒரு குழுவை மாவட்ட மாநாட்டுக்கு அழைத்துச் சென்றேன். ஊரில் உள்ள தெருக்குழாய்களில் கசிந்து வீணாகும் தண்ணீரை அளப்பதுதான் அவர்களுடைய ஆய்வு. பிள்ளைகள் உண்மையிலேயே உழைத்தார்கள். காலையில் குழாயடிக்குப் போய், அளவு ஜாடியும் கடிகாரமும் வைத்துக்கொண்டு அளந்தார்கள். ஒரு குழாயில் 5 நிமிடத்துக்கு 1 லிட்டர் கசிந்தது. அறிக்கை எழுத நாள் நெருங்கிவிட்டது. பள்ளியில் வேறு பதிவேற்ற வேலைகளும் இருந்தன. ஓர் இரவில் உட்கார்ந்து அறிக்கையை நானே எழுதி முடித்தேன். 5 நிமிடத்துக்கு 1 லிட்டர் என்றால் ஒரு மணிக்கு 12 லிட்டர். ஒரு நாளைக்கு 288 லிட்டர். ஓராண்டுக்கு 1,05,120 லிட்டர். எழுதும்போதே எனக்குப் பெருமையாக இருந்தது. எவ்வளவு பெரிய எண்!

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதை மனப்பாடம் செய்து, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். அந்த எண்ணைச் சொல்லும்போது குரலை உயர்த்த வேண்டும் என்றும் பழக்கியிருந்தேன். உயர்த்தினாள். கைதட்டல் கிடைத்தது. நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “உங்க ஊர்க் குழாயில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்மா தண்ணி வரும்?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் அரங்கின் பின்வரிசையில் இருந்தேன். அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

திரும்பி வரும் பேருந்தில் மெதுவாகக் கேட்டேன், ஏன் பேசாமல் நின்றாய் என்று. அவள் சொன்னாள்: “காலையில ஆறு மணியிலேருந்து எட்டு மணி வரைக்கும்தான் டீச்சர் தண்ணி வரும். எங்க வீட்டுக்கு நான்தானே பிடிக்கிறேன். ஆனா நீங்க எழுதுனதுல அப்படி இல்லையே.”

இரண்டு மணி நேரம்தான் தண்ணீர் வருகிறது என்றால் ஒரு நாளைக்கு 24 லிட்டர்தான் கசியும். ஓராண்டுக்கு 8,760 லிட்டர். நான் எழுதியது அதைப் போல 12 மடங்கு. அந்தக் கேள்விக்கான விடை அரங்கில் வேறு யாரைவிடவும் அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் குடத்தோடு நின்று அறிந்த விடை. ஆனால் அவள் கையில் இருந்த அறிக்கை அவளுடையதாக இல்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னால் ஆசிரியர் எழுதியது தவறாகிவிடும் என்று அந்தக் குழந்தை வாயை மூடிக்கொண்டது. எண்ணைத் தவறாகப் போட்டதைவிட இதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இன்று நான் சொல்லப்போவதெல்லாம் அந்தப் பேருந்துப் பயணத்துக்குப் பிறகு கற்றுக்கொண்டவை.

கண்காட்சி வேறு, மாநாடு வேறு

நம் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி உண்டு. பேச்சுப் போட்டியும் உண்டு. இரண்டும் தேவையானவை. கண்காட்சியில் பார்க்க வருபவர் பெற்றோர், பக்கத்து வகுப்புப் பிள்ளைகள், ஊர்ப் பெரியவர்கள். அவர்களுக்குப் புரிய வேண்டும், வியப்பு வர வேண்டும். பேச்சுப் போட்டியில் குரல் ஏற்ற இறக்கம், மேற்கோள், முத்தாய்ப்பு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.

குழந்தைகள் அறிவியல் மாநாட்டின் அமைப்பு வேறு. 1993 முதல் தேசிய அளவில் நடந்துவரும் இந்த மாநாட்டில் 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து ஆய்வு செய்கிறார்கள். பிறகு அதே போல ஆய்வு செய்த மற்றப் பிள்ளைகள் முன்னும் நடுவர்கள் முன்னும் வைக்கிறார்கள். கேட்பவரும் ஓர் ஆய்வாளர். அவர் அளந்து பார்த்தவர், அலைந்தவர், தன் கணக்கில் தவறு கண்டு திருத்தியவர். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

லண்டன் ராயல் சொசைட்டி 1660-இல் தொடங்கப்பட்டது. லத்தீனில் உள்ள அதன் குறிக்கோள் வாசகத்தின் பொருள், யார் சொல்லையும் அப்படியே ஏற்காதே என்பது. அறிவுடைமை அதிகாரத்தைப் பாடம் நடத்தும் நமக்கு இது புதிதல்ல. யார் சொன்னார் என்பதை விட்டு, சொன்னதில் மெய் உள்ளதா என்று பார்ப்பவர் முன்னால்தான் நம் பிள்ளை நிற்கிறாள். அவரிடம் “அவையோரே, ஆன்றோரே” என்று ஒரு நிமிடம் செலவழித்தால், இருக்கும் சில நிமிடங்களில் ஒன்று போய்விடும். ஒரு வணக்கம் போதும். அடுத்த வாக்கியமே “நாங்கள் கேட்ட கேள்வி இது” என்று இருக்கட்டும்.

ராமன் அனுப்பிய சிறு குறிப்பு

பிப்ரவரி 28-ஐத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். 1928-இல் கல்கத்தாவில் சி.வி. ராமன் கண்டறிந்ததைப் பற்றி ஆண்டுதோறும் பேசுகிறோம். அவர் அதை மற்ற விஞ்ஞானிகளுக்கு எப்படிச் சொன்னார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் நேச்சர் இதழுக்கு எழுதிய குறிப்பு 1928 மார்ச் 31 இதழில் வெளிவந்தது. மிகச் சிறிய குறிப்பு. அதில் உள்ளவற்றை நம் பிள்ளைகளின் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில், தாங்கள் எதை எதிர்பார்த்தார்கள், ஏன் எதிர்பார்த்தார்கள் என்று சொல்கிறார்கள். அடுத்து, என்ன கருவி என்று சொல்கிறார்கள். சூரிய ஒளி, அதைக் குவிக்க ஒரு தொலைநோக்கியின் வில்லை, இன்னொரு வில்லை, வண்ண வடிகட்டிகள். வில்லையின் விட்டம் 18 செ.மீ. என்பது வரை எழுதியிருக்கிறார்கள். பிறகு செய்முறை. நீல ஊதா வடிகட்டியையும் மஞ்சள் பச்சை வடிகட்டியையும் சேர்த்து ஒளி வரும் வழியில் வைத்தால், திரவத்துக்குள் ஒளியின் தடம் முற்றிலும் மறைந்துவிடுகிறது. மஞ்சள் பச்சை வடிகட்டியை மட்டும் எடுத்து, திரவத்துக்கும் பார்ப்பவர் கண்ணுக்கும் நடுவில் வைத்தால் தடம் மீண்டும் தெரிகிறது. உள்ளே போன ஒளியில் இல்லாத நிறம் வெளியே வரும் ஒளியில் இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. படிக்கும் எவரும் வடிகட்டிகளை வாங்கி, வெயில் உள்ள நாளில் தாமே செய்து பார்க்கலாம்.

எத்தனை திரவங்களில் பார்த்தார்கள்? ஏறத்தாழ 60. ஒன்றில் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த பகுதி. படிக்கும் விஞ்ஞானிக்கு உடனே ஓர் ஐயம் வரும்: இது ஏற்கெனவே தெரிந்த ஒளிர்தலாக இருக்கக்கூடாதா? அந்தக் கேள்வியை அவர்களே எழுப்பி, இது ஒளிர்தல் இல்லை என்பதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லிவிடுகிறார்கள். எதிரில் இருப்பவர் கேட்கப்போவதைத் தாமே கேட்டுப் பார்த்து, சோதித்து, விடையோடு வருகிறார்கள்.

1930-இல் நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு இது. இதில் அடைமொழிகளைத் தேடினால் கிடைக்காது. எதிர்பார்ப்பு, கருவி, செய்முறை, கண்டது, எத்தனை முறை, வேறு காரணம் இருக்க முடியுமா என்ற ஆறும் கிடைக்கும். இந்த ஆறும்தான் எங்கள் பள்ளியில் இப்போது அறிக்கையின் எலும்புக்கூடு. ஏழாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறோம்: எது இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை.

குழந்தையின் மொழியில் எழுதலாமா?

“பிள்ளைகளை எழுதவிட்டால் அறிக்கை அறிக்கை மாதிரி இருக்காது” என்பது நாம் எல்லோரும் சொல்லும் காரணம். நானும் அதைச் சொல்லித்தான் அன்று இரவு நானே எழுதினேன்.

இங்கிலாந்தில் டெவன் பகுதியில் பிளாக்காட்டன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள தொடக்கப்பள்ளியில் 8 முதல் 10 வயதுள்ள 25 குழந்தைகள், போ லோட்டோ என்ற நரம்பியல் விஞ்ஞானியின் துணையோடு பெருந்தேனீக்களைப் பற்றி ஓர் ஆய்வு செய்தார்கள். எந்தப் பூவுக்குப் போவது என்று தேனீ முடிவு செய்யும்போது நிறத்தை மட்டும் பார்க்கிறதா, அந்த நிறம் எந்த இடத்தில், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்கிறதா? இதுதான் கேள்வி. பூக்களுக்குப் பதிலாக ஒளிரும் வண்ண வட்டங்களை வரிசையாக அமைத்து, சரியான வட்டங்களில் சர்க்கரைத் தண்ணீரும் மற்றவற்றில் உப்புத் தண்ணீரும் வைத்துத் தேனீக்களைப் பழக்கினார்கள். பிறகு சர்க்கரைத் தண்ணீர் இல்லாமல் சோதித்தார்கள். நிறத்தையும் இட அமைப்பையும் சேர்த்தே தேனீக்களால் பயன்படுத்த முடிகிறது என்றும், எல்லாத் தேனீக்களும் ஒரே வழியைப் பின்பற்றவில்லை என்றும் கண்டார்கள்.

அந்த ஆய்வுக் கட்டுரை 2010 இறுதியில் ராயல் சொசைட்டியின் பயாலஜி லெட்டர்ஸ் இதழில் வெளிவந்தது. குழந்தைகள் சொன்ன சொற்களிலேயே எழுதப்பட்ட கட்டுரை. கதை சொல்வதைப் போலத் தொடங்குகிறது. படங்கள் வண்ணப் பென்சிலால் வரைந்தவை. முந்தைய ஆய்வுகளின் பட்டியல் இல்லை. அந்தக் குறைகளை மறைக்காமல், இரண்டு விஞ்ஞானிகள் எழுதிய விளக்கவுரையோடு இதழ் அதை வெளியிட்டது. குழந்தைத்தனமான சொற்களை ஏற்றுக்கொண்ட இதழ், சோதனை முறையில் தளர்வு இருந்திருந்தால் ஏற்றிருக்காது. கேள்வி தெளிவாக இருந்தது. செய்முறை மற்றவர் செய்து பார்க்கும்படி இருந்தது. எந்தத் தேனீ எதைத் தேர்ந்தது என்ற பதிவு இருந்தது.

ஆகவே சொல் குழந்தையுடையதாக இருக்கட்டும். நாம் கண்டிப்பாக இருக்க வேண்டிய இடம் வேறு. எண்ணுக்கு அலகு இருக்கிறதா? நாள், நேரம், இடம் இருக்கிறதா? கண்டதும் நினைத்ததும் தனித்தனியாக இருக்கிறதா? இவற்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது. எழுத்துப்பிழையை நாம் திருத்தலாம். கருத்தைத் திருத்தத் தோன்றினால், பேனாவை எடுக்காமல் ஒரு கேள்வி கேட்கலாம்.

வகுப்பறையில் செய்யும் சில பயிற்சிகள்

இனி நடைமுறைக்கு வருகிறேன். இவை பெரிய செலவு இல்லாதவை.

முதலாவது, களக் குறிப்பேடு. குழுவுக்கு ஒரு நோட்டு. அளந்த இடத்திலேயே, அளந்தவுடனே, பேனாவால் எழுத வேண்டும். யார் அளந்தது, எதால் அளந்தது, எத்தனை மணிக்கு என்று இருக்க வேண்டும். தவறாக எழுதினால் அழிக்கக் கூடாது; பழைய எண் தெரியும்படி ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். வீட்டுக்குப் போய் அழகாகப் படியெடுத்த நோட்டை நான் ஏற்பதில்லை. தண்ணீர்க் கறை உள்ள நோட்டைத்தான் மாநாட்டுக்கும் எடுத்துச் செல்கிறோம்.

இரண்டாவது, செய்முறைத் தாளை மாற்றிக் கொடுப்பது. ஒரு குழு எழுதிய செய்முறையை அடுத்த குழுவிடம் கொடுத்து, “எதுவும் கேட்காமல் இதைப் படித்தே செய்யுங்கள்” என்று சொல்வேன். கிணற்று நீரின் கடினத்தன்மையைப் பார்த்த குழு இப்படி எழுதியிருந்தது: “பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி நுரையை அளந்தோம்.” தாளை வாங்கிய குழு ஐந்து நிமிடத்தில் திணறிவிட்டது. எவ்வளவு பெரிய பாட்டில்? கொஞ்சம் என்றால் எவ்வளவு? எத்தனை முறை குலுக்குவது? நுரையை உடனே அளப்பதா, கொஞ்ச நேரம் கழித்தா? ஒரு பையன் சலவைத்தூளைக் கரைத்துக்கொண்டு வந்துவிட்டான். சலவைத்தூள் கடின நீரிலும் நுரைக்கும். எல்லாக் கிணற்று நீரும் நல்ல நீராகத் தெரிந்தது!

எழுதிய குழு தலையில் கைவைத்தது. பிறகு அவர்களே மாற்றி எழுதினார்கள்: ஒரே அளவுள்ள சோதனைக் குழாய்களில் 10 மி.லி. நீர், 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் குளியல் சோப்பைச் சீவிக் கரைத்த கரைசலில் 10 சொட்டு. குழாயை மூடி 20 முறை குலுக்கல். ஒரு நிமிடம் கழித்து நுரையின் உயரம் மி.மீ.-இல். சலவைத்தூள் பயன்படுத்தக் கூடாது என்ற குறிப்பும் சேர்ந்தது. ‘செய்முறை தெளிவாக இருக்க வேண்டும்’ என்று நான் பத்து முறை சொல்லியும் ஆகாதது, சக மாணவர் ஒருவர் திணறியதைப் பார்த்ததும் நடந்துவிட்டது.

மூன்றாவது, ஒத்துவராத எண்ணைப் பற்றிய பேச்சு. அடுத்த ஆண்டு வேறொரு குழு அதே குழாய்க் கசிவை எடுத்துக்கொண்டது. ஒரு குழாயில் ஒரு நிமிடத்துக்குக் கசிந்த நீரை மூன்று முறை அளந்தார்கள். 250 மி.லி., 270 மி.லி., 410 மி.லி. “கடைசியில உள்ளதை எடுத்துட்டு 260-ன்னு போட்டுடலாமா டீச்சர்?” என்று கேட்டார்கள். மூன்றையும் சேர்த்தால் சராசரி 310. எது சரி என்று நான் சொல்லவில்லை. “மூன்றாவது முறை அளப்பதற்கு முன் அங்கே என்ன நடந்தது? நோட்டைப் பாருங்கள்” என்றேன். நடுவில் ஓர் அம்மா வந்து குடம் பிடித்துவிட்டுக் குழாயை மூடிப் போயிருக்கிறார். மறுநாள் போய், ஒவ்வொரு முறையும் திறந்து மூடி 10 முறை அளந்தார்கள். மூடும் விதத்தைப் பொறுத்துக் கசிவு மாறுகிறது என்று தெரிந்தது. தூக்கிப் போட நினைத்த எண்தான் அவர்களுடைய முக்கியமான கண்டுபிடிப்பாக ஆனது. அறிக்கையில் சராசரியோடு மிகக் குறைந்த அளவையும் மிக அதிக அளவையும் எழுதினார்கள். தேர்வில் விடை சரியாக வரவேண்டும் என்பதற்காக அளவீட்டைச் ‘சரிசெய்யும்’ பழக்கம் நம் ஆய்வகங்களில் இல்லாதது அல்ல. அந்தப் பழக்கம் ஆய்வறிக்கைக்குள் நுழையாமல் காப்பது நம் பொறுப்பு.

நான்காவது, சார்ட்டும் வரைபடமும். ஒரு சார்ட்டில் ஒரு செய்தி. அச்சுகளில் அளவின் பெயரும் அலகும் இல்லாத வரைபடத்தைச் சுவரில் மாட்ட விடுவதில்லை. பூவும் கொடியும் வரைந்த ஓரங்களுக்குச் செலவாகும் நேரத்தில் இன்னொரு முறை அளந்து வரலாம். நான் வைக்கும் சோதனை எளியது: ஆய்வைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு மாணவர் வரைபடத்தைப் பார்த்து, அது சொல்வதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். முடியவில்லை என்றால் வரைபடத்தை மாற்ற வேண்டும்.

ஐந்தாவது, நன்றி கூறுவது. குழுவில் யார் எதைச் செய்தார் என்று எழுத வேண்டும். குழாய் இயக்குபவரிடம் தண்ணீர் விடும் நேரத்தைக் கேட்டறிந்தால் அதையும், இணையத்திலோ நூலிலோ எடுத்தால் அதையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் செய்ததையும் எழுதச் சொல்லுங்கள். “கணக்கை ஆசிரியர் சரிபார்த்தார்” என்று எழுதினால் யாருக்கும் குறையில்லை.

கேள்வி நேரத்துக்குப் பழக்குதல்

ஆய்வைச் சொல்லும் நேரத்தைவிட அதற்குப் பிறகு வரும் கேள்வி நேரம் முக்கியமானது என்று நினைக்கிறேன். நம் பிள்ளைகளுக்குக் கேள்வி என்றால் வாய்மொழித் தேர்வு. விடை தெரியாவிட்டால் அவமானம். இதை மாற்றாமல் வேறு எதைச் சொல்லிக் கொடுத்தும் பயனில்லை.

வாரம் ஒரு பாடவேளை, ஒரு குழு பேசும்; வகுப்பு முழுவதும் கேட்கும். கேட்பவர்களுக்கு மூன்று கேள்விகளைப் பலகையில் எழுதிவைத்திருப்பேன். எதை, எப்படி அளந்தீர்கள்? எத்தனை முறை அளந்தீர்கள்? இதற்கு வேறு காரணம் இருக்க முடியாதா? பதில் சொல்பவர்களுக்கு மூன்று தொடக்கங்கள். “இதை நாங்கள் அளந்தோம்…”, “இது எங்கள் ஊகம்…”, “இது எங்களுக்குத் தெரியாது, இப்படிச் செய்தால் கண்டுபிடிக்கலாம்…”. எந்த விடையும் இந்த மூன்றில் ஒன்றில்தான் தொடங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் சிரிப்பாக இருக்கும். பிறகு அளந்ததையும் ஊகத்தையும் பிரித்துப் பேசுவது பிள்ளைகளுக்கு இயல்பாகிவிடும். வகுப்பில் பேசவே பேசாத பிள்ளைகள் இந்தப் பாடவேளையில் கேள்வி கேட்கத் தொடங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்பதற்கும் ஒரு பண்பு வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கிலாந்து சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், விண்மீன்களின் இறுதி நிலை பற்றிய தம் கணக்கீடுகளை 1935 ஜனவரியில் லண்டனில் ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில் முன்வைத்தார். அப்போது அவருக்கு வயது 24. அடுத்துப் பேசியவர் அன்றைய பெரும் வானியல் அறிஞர் ஆர்தர் எடிங்டன். கணக்கில் பிழை காட்டாமலே அந்த முடிவை அபத்தம் என்று எள்ளினார், அவை சிரித்தது. சந்திரசேகர் தம் கணக்கைக் கைவிடவில்லை. அதே துறைப் பணிக்காக 1983-இல் நோபல் பரிசு பெற்றார். அவருக்கு அந்த மன உறுதி இருந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு சிரிப்பைத் தாங்குவார்கள்? நம்மில் பலர் நடுவர்களாகவும் அமர்கிறோம். கேள்வி அளவீட்டைப் பற்றியதாக இருக்கட்டும். பிள்ளையின் பேச்சு வழக்கைப் பற்றியோ, பள்ளியைப் பற்றியோ, ஆங்கிலச் சொல் தெரியாததைப் பற்றியோ வேண்டாம்.

என்னிடம் தண்ணீர் நேரத்தைக் கேட்ட அந்த நடுவர் கடுமையாகக் கேட்கவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். சரியான கேள்வியை அன்பாகத்தான் கேட்டார். அவளைப் பேச முடியாமல் செய்தது நான்.

முடிவாக

இரண்டாவது குழுவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மாவட்ட மாநாட்டில் அவர்கள் பேசி முடித்ததும், “குழாய் கசிவதற்கு வாஷர் தேய்ந்ததுதான் காரணமா?” என்று கேட்டார்கள். ஏழாம் வகுப்புப் பையன் பதில் சொன்னான்: “அது எங்களுக்குத் தெரியாது சார். குழாயைக் கழட்டிப் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்ல. மூடுற விதத்தைப் பொறுத்து மாறுதுன்னு மட்டும்தான் அளந்திருக்கோம். வாஷர் மாத்துறதுக்கு முன்னாடி பத்து தடவை, மாத்தின பிறகு பத்து தடவை அளந்தா சொல்லலாம்.” சொல்லிவிட்டு அவன் என் பக்கம் திரும்பவில்லை. நோட்டைத்தான் பார்த்தான்.

அந்தக் குழு மாநில மாநாட்டுக்குத் தேர்வாகவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் மதிய உணவு நேரத்தில் வேறொரு பள்ளியைச் சேர்ந்த ஒரு சிறுமி எங்கள் குழுவைத் தேடி வந்தாள். “அக்கா, நீங்க அளந்த மாதிரியே எங்க ஊர்லயும் அளக்கலாம்னு இருக்கோம். அந்தச் செய்முறைத் தாளைக் காட்டுறீங்களா?” என்று எங்கள் குழுவில் இருந்த மாணவியிடம் கேட்டாள். இருவரும் மர நிழலில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். குடம் பிடிப்பவர்கள் நடுவில் வந்தால் என்ன செய்வது என்று இவள் சொல்லிக் கொடுத்தாள். அவர்கள் ஊரில் தண்ணீர் மாலையில் வரும் என்று அவள் சொன்னாள். இவள் அதையும் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

இந்த ஆண்டு அறிக்கை எழுதும் நாள் நெருங்கும்போது உங்களுக்கும் நேரம் இருக்காது. பேனாவை நீங்களே எடுக்கத் தோன்றும். அப்போது ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். பிள்ளைகளை உட்காரவைத்து, அவர்கள் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் “இது உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை அடுத்த வரியாக எழுதச் சொல்லுங்கள். அறிக்கை கொஞ்சம் கோணலாக இருக்கலாம். எந்த அரங்கில் யார் கேட்டாலும் அதற்குப் பதில் சொல்ல அந்தப் பிள்ளையால் முடியும்.